பச்சை வளையத்துக்குள் புகை

1

ஊரிலிருந்து யார் வந்தாலும் செருப்பைக் கழற்றுகிறபோதே கேட்பது ஒன்றுதான். வீடு கட்டியாயிற்றா, குடிபுகப் பால்காய்ப்பு எப்போது? போன வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த என் ஒன்றுவிட்ட அண்ணனும் கேட்டார். இல்லை என்றேன். இடம் வாங்கி வருஷக் கணக்காகிறதே என்றார். ஆகிறது என்றேன். உன் வீட்டுக்காரர் ஊருக்கெல்லாம் பிளான் போடுகிற ஆபீசில் இருக்கிறார், தனக்கு ஒரு வீடு போட்டுக்கொள்ளத் தெரியவில்லையா என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அவர் காப்பியைக் குடித்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பிய பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. என் கோபம் எப்போதும் அப்படித்தான், ஆள் தெருமுனை தாண்டிய பிறகு வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளாது. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

2

ரங்கூனுக்கும் கொழும்புக்கும் போனவர்கள் அங்கிருந்து எழுதுவதைப் படித்திருக்கிறேன். நான் கப்பலேறியவள் அல்ல. செங்கோட்டையில் ரயிலேறி, மலைக் குகைகளுக்குள் கரிப்புகையை விழுங்கிக்கொண்டு இந்தப் பக்கம் இறங்கியவள். ஆனால் திருவனந்தபுரமும் வேறு ராஜ்யம்தான். வேறு ராஜா, வேறு காசு, வேறு எழுத்து. நமக்கு ஆவணி பிறந்தால் இவர்களுக்குச் சிங்க மாசத்தோடு வருஷமே பிறந்துவிடும். நம்மைப் பாண்டிக்காரர்கள் என்பார்கள். திட்டிச் சொல்கிறார்களா சும்மா சொல்கிறார்களா என்று கண்டுபிடிக்க எனக்குச் சில வருஷம் பிடித்தது. இரண்டும் உண்டு.

வந்த புதிதில் என் வீட்டுக்காரர், ஊரைக் காட்டுகிறேன் என்று கரமனை ஆற்றுக்கு அப்பால் இருக்கிற ஒரு குன்றின் மேல் கூட்டிப்போனார். அவர் பெயர் சிதம்பரநாதன். படம் வரைகிற உத்தியோகம். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கோயில் கோபுரம் தெரிந்தது. கிழக்கேகோட்டைப் பக்கம் கொஞ்சம் ஓடு தெரிந்தது. மற்றபடி கண்ணுக்கு எட்டின மட்டும் தென்னையும் பலாவும்தான்.

"ஊரு எங்க?" என்று கேட்டேன்.

"இதுதான் ஊரு."

"காட்டுக்குள்ளயா என்னையக் குடிவைக்கப் போறிய?"

அவர் சிரித்தார். ஆனால் மரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அவருக்கும் அப்போது தெரியாது. ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு ரோடு மட்டும்தான் தெரியும்.

எனக்குத் தெரிய வந்தது பாலால். எங்களுக்குப் பால் தந்துகொண்டிருந்தவள் அந்தக் குன்றிலிருந்து வருகிற பாருக்குட்டியம்மை. நாயர் வீட்டுப் பெண், என்னைவிட வயதில் மூத்தவள். சேச்சி என்று கூப்பிடுவேன். ஒரு நாள் மத்தியானப் பால் வரவில்லை. என் மகள் அப்போது கைக்குழந்தை, அழுகிறாள். செம்பை எடுத்துக்கொண்டு நானே தேடிப் போனேன். மண்சுவர் வைத்த ஒற்றையடிச் சந்து மேலே ஏறிக்கொண்டே போயிற்று. சுவரில் இடைவெளி விட்ட இடத்திலெல்லாம் எட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு முற்றம், ஒரு கிணறு, ஒரு வீடு. அடுத்த இடைவெளியில் இன்னொரு வீடு. வெளியே நின்று பார்த்தால் ஒன்றுகூடத் தெரியாது. பாருக்குட்டியம்மையின் வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் அந்தக் குன்றில் எத்தனையோ வீட்டு நாய்களிடம் குரைப்பு வாங்கிவிட்டேன். பசு கன்று போட்டிருந்தது. பாலுக்குப் பதிலாக எனக்கு ஒரு பலாப்பழத் துண்டு கிடைத்தது.

திரும்பி இறங்கும்போது சாயங்காலம். பின்னால் பார்த்தேன். பகலில் காடாக இருந்த குன்றில் மரங்களுக்கு இடையே இங்கும் அங்கும் புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு புகையும் ஒரு அடுப்பு. அன்றைக்குத்தான் இது ஊர் என்று ஒப்புக்கொண்டேன்.

3

நாங்கள் இருப்பது கரமனையில் ஒரு வாடகை வீடு. வரிசை வீட்டில் நடு வீடு. இரண்டு பக்கச் சுவரும் நமக்குச் சொந்தமில்லை, நடுவில் இருக்கிற மூச்சுதான் சொந்தம். ஒரு கிணற்றை நாலு வீடு இறைக்கும். எனக்கென்று ஒரு கிணறும், ஒரு முருங்கை மரமும், ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாத ஒரு சுவரும் வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து ஆசை.

அதற்காகத்தான் அவருடைய ஊர்ப் பங்கை விற்று, ஆற்றோரம் வயலில் ஒரு துண்டு வாங்கினோம். இரண்டு குன்றுக்கு நடுவே பள்ளத்தில் நீண்டு கிடக்கிற வயலை இங்கே ஏலா என்பார்கள். மேட்டு நிலத்தை இவர்கள் லேசில் விற்க மாட்டார்கள். ஏலாவில்தான் வெளியூர்க்காரனுக்குக் கிடைக்கும். குன்றை வெட்டிய செம்மண்ணை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டி, மேடாக்கி, அதன்மேல் வீடு கட்ட வேண்டும். அப்படித்தான் பலர் செய்துகொண்டிருந்தார்கள்.

என் மாமனார் கேள்விப்பட்டு, "வயல்லயா வீடு?" என்று மட்டும் கேட்டாராம். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நம் பக்கத்தில் பட்டினி கிடந்தாலும் நஞ்சையில் ஒருவர் சுவர் எழுப்ப மாட்டார் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கிணற்றடியில் வரிசையில் நிற்கிறவளுக்கு அதெல்லாம் நினைவுக்கு வராது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அரிசி விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. இந்த ஊர் அரிசி சிவப்பு, தடிமன். ஒரு பருக்கையை விரலால் நசுக்க முடியாது. எனக்குத் தொண்டையில் இறங்காது. ஊரிலிருந்து வருகிறவர்கள் யாராவது வெள்ளை அரிசி மூட்டை கொண்டுவருவார்கள். அது தீர்ந்தால் சாலை என்கிற கடைத்தெருவில் நம் பக்கத்து வியாபாரியிடம் வாங்குவேன். என் மகள் வடிவு அதற்கு நேர்மாறு. பாருக்குட்டியம்மை வீட்டில் சிவப்புக் கஞ்சி குடித்து வளர்ந்தவள். "அம்மே, எனக்குச் சேச்சி வீட்டுச் சோறு மதி" என்பாள். மதி என்றால் இங்கே போதும் என்று அர்த்தம். அவள் பள்ளிக்கூடத்தில் எல்லாம் மலையாளம். எழுத்து மலையாளம், கணக்கு மலையாளம், கனவில் பேசுவதும் மலையாளம். ஒரு தடவை அவளுடைய பெரியப்பா வந்திறங்கியபோது உள்ளே ஓடிவந்து, பாண்டிக்காரர் ஒருத்தர் வந்திருக்கிறார் என்று சொன்னாள். நீ யாருடி என்று கேட்டேன். முழித்தாள். அவளை அடிக்கவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

4

என் வீட்டுக்காரர் ஆபீசுக்கு ஒரு புது அதிகாரி வந்தார். தஞ்சாவூர் ஜில்லாக்காரர், சீமையில் படித்துவிட்டு வந்தவர். கெட்டவர் இல்லை. கையில் பிரம்பு வைத்துக்கொண்டு சாயங்காலம் நடக்கிற பழக்கம் உள்ளவர். அந்த ஆபீசில் காகிதம் இங்கிலீஷில் ஓடும், ஊருக்கு ஒட்டுகிற நோட்டீஸ் மலையாளத்தில் இருக்கும், மத்தியானச் சாப்பாட்டுப் பேச்சு தமிழில் நடக்கும். அதிகாரியும் தமிழ் என்றதும் சாப்பாட்டு நேரம் நீண்டுவிட்டது என்று இவர் சொன்னார்.

வந்த அதிகாரி ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிரீன் பெல்ட் என்று பெயர். பச்சை வளையம் என்று நான் வைத்துக்கொண்டேன். சாப்பிடும்போது இவர் எனக்கு விளக்கினார்.

"ஊரு வளந்துக்கிட்டே போகுமாம். ஒரு இடத்துல இதோட போதும்னு சொல்லணுமாம். ஊரச் சுத்தி ஒரு அகலத்துக்கு வீடே கட்ட விடக்கூடாது. வயலு, தோப்பு, மாடு மேய்க்கிற இடம் மட்டும்தான். சீமையில அப்படித்தான் பேசிக்கிடுதாங்க."

"இதுக்கு ஒரு ஆபீசா? நம்ம ஊருல எந்த ஆபீசு வச்சிருக்கு?"

அவர் ரசம் கேட்டார்.

விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். நம் பக்கத்தில் ஊர் என்றால் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். கடைசி வீட்டுச் சுவர் முடிந்தால் வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டினால் வயல். ஊர் எங்கே முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு காலாலேயே சொல்லிவிடலாம். யாரும் சட்டம் போடவில்லை. அதில் பெருமைப்பட்டுக்கொள்ளவும் ஒன்றுமில்லை. உள்ளே ஒரு மரம் இருக்காது, அடுத்த வீட்டுக்காரர் இருமினால் நமக்குத் தூக்கம் போகும். ஆனால் வயல் வயலாக இருந்தது. அதனால் சோறு பக்கத்திலேயே விளைந்தது. மழைத் தண்ணீர் போய்ப் படுக்க இடம் இருந்தது. சீமைக்காரர்கள் புகைக்கூண்டுகளுக்கு நடுவில் மூச்சு முட்டின பிறகு இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

திருவனந்தபுரத்தில் பச்சை ஊரைச் சுற்றி இல்லை. ஒவ்வொரு வீட்டையும் சுற்றி இருக்கிறது. இதைத்தான் அவர்கள் பார்க்கவில்லை.

எல்லை குறிக்க அதிகாரியும் இவரும் இன்னும் இரண்டு பேரும் அந்தக் குன்றின் மேல் ஏறினார்கள். நாலு பேருமே நம் பக்கத்து ஆட்கள். காலைப் பலகாரம் முடிந்து, வெயில் ஏறின நேரம். தெற்கே பார்த்தார்கள், ஒரே தென்னை. பழைய சர்வேப் படத்தில் தோப்பு என்று போட்டிருந்தது. நம் ஊரில் தோப்பு என்றால் காவல்காரன் குடிசை ஒன்று இருக்கும், மற்றபடி ஆள் இருக்காது. அந்த நினைப்பில் நாலு பேரும் தலையாட்டினார்கள். அளவுச் சங்கிலி பிடிக்க வந்த உள்ளூர் ஆட்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதனால் அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. வட்டத்தை இழுத்து, குன்று முழுவதற்கும் பச்சைச் சாயம் பூசியாயிற்று. பூசியவர் என் வீட்டுக்காரர்.

எங்கள் வயலில் பச்சை படவில்லை, வளையத்துக்கு இந்தப் பக்கம், ஊர்ப் பக்கம் விழுந்தது. ஊர்ப் பக்கம் வீடு கட்டலாம். அன்று ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் படுத்தோம்.

5

பாருக்குட்டியம்மைக்கு ஒரே மகள், பவானி. சிங்க மாசத்தில் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள். அவர்கள் வழக்கம் உங்களுக்கு விசித்திரமாகப் படும். கல்யாணமான பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை, அம்மா வீட்டிலேயே இருப்பாள். புருஷன் அங்கே வந்து போவான். இப்போது சட்டம் மாறிப் பலர் தனியாகப் போகிறார்கள் என்றாலும், கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்கென்று அம்மா வீட்டில் ஓர் அறை எழும்ப வேண்டும் என்பதில் பாருக்குட்டியம்மையின் வீட்டில் மாற்றமில்லை. அறை இல்லாமல் கல்யாணம் இல்லை.

நம் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் வீட்டில் ஓர் இடம் காலியாகும். இவர்களுக்கு ஓர் அறை கூடும். முதலில் இதைக் கேட்டபோது சிரித்தேன். பிறகு பொறாமையாக இருந்தது. நான் புகுந்த வீட்டுக்கு வந்த அடுத்த மாசமே பிறந்த வீட்டில் என் இடத்தில் நெல் மூட்டை அடுக்கிவிட்டார்கள். இன்றைக்கு ஊருக்குப் போனால் நான் விருந்தாளி.

அறை கட்ட அனுமதி கேட்டுப் பாருக்குட்டியம்மையின் தம்பி கேசவன் மனுப் போட்டார். இல்லை என்று பதில் வந்தது. பச்சை பூசின இடத்தில் புதுக் கட்டடமும் கூடாது, இருப்பதோடு ஒன்றைச் சேர்க்கவும் கூடாது. ஆட்சேபம் எழுதினார். அதற்கும் பதில் வந்தது. அந்த சர்வே எண்ணில் வீடு இருப்பதாகப் படத்தில் காணவில்லை, தோப்பு என்றே இருக்கிறது, ஆகவே ஆட்சேபத்துக்கு இடமில்லை. வடிவுதான் எனக்கு அதை வாசித்து அர்த்தம் சொன்னாள். அந்த வீட்டில்தான் பிறந்திருக்கிறார் கேசவன், அவர் அம்மாவும் அங்கேதான் பிறந்தாள். இல்லாத வீட்டிலிருந்து எழுதிய ஆட்சேபம் என்று ஆபீஸ் சொல்லிவிட்டது.

பாருக்குட்டியம்மை பால் ஊற்றும்போது என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"எந்தரு அம்மா, நம்மட வீடு காடானோ?"

என்ன அம்மா, எங்கள் வீடு காடா என்கிறாள். அவள் என் வீட்டுக்காரரின் உத்தியோகம் தெரிந்தவள். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

6

அன்று சாயங்காலம் இவரைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் குன்றில் எத்தனை குடும்பம் இருக்கிறது தெரியுமா, ஒரு தடவையாவது மரத்தடியில் நடந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். படத்தை மாற்றச் சொல்லுங்கள் என்றேன்.

"சொல்லலாம். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. வளையம் எங்கயாவது போயித்தான் ஆகணும். அதிகாரி அதை விட மாட்டாரு. மேட்டை விட்டா அடுத்தது பள்ளம்தான். ஏலாவுக்குத்தான் வரும்."

"வந்தா?"

"நம்ம இடத்துல மண்ணு கொட்ட முடியாது. எப்பவுமே முடியாது."

அடுத்த சில நாட்கள் சாப்பாடு, தண்ணீர், குளித்தாயிற்றா என்ற அளவில்தான் பேச்சு. என் கிணறு, என் முருங்கை, என் சுவர் எல்லாம் அந்தத் துண்டு வயலில் இருந்தன. இன்னொருத்தி வீட்டு அறைக்காக நான் ஏன் என் வீட்டை விட வேண்டும்? இப்படித்தான் நினைத்தேன். எழுதும்போது அழகாக மாற்றிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

நம்மால் ஒன்றும் ஆகாது என்று பாருக்குட்டியம்மையிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். பாலுக்கு நிற்கும்போது சொல்ல வாய் வரவில்லை, அதனால் அவள் வீட்டுக்கே போனேன். அறை கட்டுவதற்காக முற்றத்தின் ஓரத்தில் நாலு மூலைக்கும் முளை அடித்து முன்னமே கயிறு கட்டியிருந்தார்கள். இப்போது கயிறு இல்லை. மூன்று முளைகளைப் பிடுங்கியிருந்தார்கள். நாலாவது முளையில் கன்றுக்குட்டியைக் கட்டியிருந்தார்கள். பவானி அதற்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்து, உட்காரச் சொல்லி, அம்மாவைக் கூப்பிட்டாள்.

சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பி வந்தேன். இவர் வந்ததும், "உங்க அதிகாரி சாயங்காலம் நடக்கப் போவாகல்லா, நாளைக்கு அந்தக் குன்றுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

"எதுக்கு?"

"பகல்ல பாத்ததைச் சாயங்காலம் பாக்கட்டும்."

யோசித்துத்தான் சொல்கிறாயா என்று கேட்டார். யோசித்ததால்தான் இத்தனை நாள் ஆயிற்று என்றேன்.

7

மறுநாள் நானும் வடிவும் முன்னமே மேலே போய்விட்டோம். அதிகாரி பிரம்பைச் சுழற்றிக்கொண்டு வந்தார். ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. பாருக்குட்டியம்மை சம்பாரம் கொண்டுவந்து தந்தாள். இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப் போட்ட நீர்மோர்தான். குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றார். வீடு எங்கே என்று கேட்டார். பத்தடி தள்ளி மரத்துக்குப் பின்னால் காட்டினேன். ஓகோ என்றார். ஒன்றிரண்டு வீடு இருக்கத்தான் செய்யும் என்று இவரிடம் சொன்னார்.

பாறை மேல் நின்றுகொண்டிருந்தோம். வெயில் இறங்கியது. முதலில் கிழக்குச் சரிவில் ஒரு புகை. அதற்குக் கீழே இன்னொன்று. பிறகு கண் எங்கே திரும்பினாலும் தென்னை உச்சிக்கு மேலே நீலமாக எழும்பிக்கொண்டிருந்தது. அதிகாரி பதறிப்போனார்.

"அது என்னம்மா? தோப்புல தீயா?"

"அடுப்புங்க."

"எல்லாமேவா?"

"எல்லாந்தான். ராத்திரிக் கஞ்சிக்கு உலை வைக்கிற நேரம்."

அவர் பிரம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டேயிருந்தார். எதிர்க் குன்றிலும் புகை, அதற்கு அப்பால் இருந்த குன்றிலும் புகை. நடுவில் நீண்டு கிடந்த ஏலாவில் மட்டும் ஒன்றுமில்லை. தண்ணீர் தேங்கி, கொக்கு நின்றுகொண்டிருந்தது. அதிகாரி என்னை விட்டுவிட்டு இவரிடம் திரும்பினார்.

"சரி மிஸ்டர் சிதம்பரநாதன், அப்போ பச்சையை எங்கே போடறது?"

இவர் என்னைப் பார்த்தார். நான் ஏலாவைப் பார்த்தேன். அதற்குள் இவர் கையை நீட்டிவிட்டார்.

"அங்க போடலாம் சார். மழைக்கு ஆறு ஏறி வந்து நிக்கிற எடம் அதுதான். அதை மேடாக்கிட்டா தண்ணி தெருவுக்குள்ளதான் வரும். வட்டமா வராது சார். ரெண்டு குன்றுக்கு நடுவுல விரல் விரலாத்தான் வரும்."

"அங்கே யாரும் கட்டலையே?"

"கட்டலை. சில பேரு மண்ணடிச்சுக் கட்டலாம்னு வாங்கிப் போட்டிருக்காங்க."

"யார் யாரு?"

"நானும் ஒருத்தன் சார்."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் படிப்பு இல்லாமல் வெறும் மனுஷ முகம் தெரிந்தது.

"ஆட்சேபம் எழுதப் போறீரா?"

"இல்லை சார்."

இருட்டத் தொடங்கியது. பாருக்குட்டியம்மைக்கு நாங்கள் பேசின தமிழ் முழுதாகப் புரிந்திருக்காது. டம்ளர்களை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் அடுப்பையும் மூட்ட வேண்டியிருந்தது.

8

புகையைப் படத்தில் காட்ட வழியில்லை. அதனால் அதிகாரி ஆளை அனுப்பி வீடு வீடாகக் கணக்கெடுக்கச் சொன்னார். கணக்கு முடிவதற்குள் மழை வந்து, மழை முடிந்து, சிங்க மாசமும் முடிந்து, கல்யாணத்தைத் தள்ளி வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுத்தார்கள் என்று கேள்வி. கடைசியில் ஒரு நாள் இவர் விரல் நகத்தில் பச்சைச் சாயத்தோடு வீட்டுக்கு வந்தார். குன்றைச் சுரண்டி வெள்ளையாக்கிவிட்டு ஏலா நெடுகப் பூசியதாகச் சொன்னார்.

"நம்ம இடமுமா?"

"நம்ம இடந்தான் நடு மத்தியில வருது."

நான் அடுக்களைக்குப் போய் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? நல்ல காரியம் செய்தோம் என்ற நினைப்பெல்லாம் அந்த நேரத்துக்கு உதவவில்லை. அடுத்த நாள் கிணற்றடியில் என் முறைக்காக நின்றபோது இன்னொரு தரம் அழுகை வந்தது, முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டேன்.

பவானியின் அறை எழும்பியது. அவள் கல்யாணத்துக்குப் போனோம். விளக்குக்கு முன்னால் மாப்பிள்ளை ஒரு புடவையைக் கொடுத்தான், அவள் வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான் சடங்கு. பிறகு பாருக்குட்டியம்மை என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அறைக்குள் அழைத்துப்போனாள். புதுச் சுண்ணாம்பு வாசனை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஏலா தெரிந்தது. எங்கள் துண்டும் தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனாள். விஷயம் அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. திறந்தே இருக்கட்டும் சேச்சி என்றேன்.

9

வீடு கட்டக் கூடாத வயலை என்ன செய்வது? நம் வீட்டில் நஞ்சையைச் சும்மா போட்டு வைத்தவர் யாரும் இல்லை. கேசவன் பாதிக்குப் பாதி என்று ஏற்றுக்கொண்டு உழுதார். நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் வந்த நெல்லை அப்படியே விற்றுவிட்டேன்.

பிறகு யுத்தம் வந்தது. பர்மா அரிசி நின்றது. ஊரிலிருந்து மூட்டை கொண்டுவரக் கூடாது என்று எல்லையில் பிடித்துவைத்தார்கள். சாலைக் கடையில் நம் பக்கத்து வியாபாரி கையை விரித்தார். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் மரவள்ளி, அதாவது மரச்சீனிக் கிழங்குதான். வெள்ளைச் சோறு இல்லாமல் இருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நானும் கிழங்கை வேகவைத்தேன். வயல்களையெல்லாம் மேடாக்கி வீடு கட்டியிருந்தால் இந்த ஊர் என்னத்தைத் தின்றிருக்கும் என்று இவர் ஒரு நாள் கேட்டார். அன்று எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

அந்த அறுப்புக்குக் கேசவன் நெல்லைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்கினார். புதுநெல் என்பதால் அவித்துக் காயவைத்து, குத்தி எடுத்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. நம் ஊரில் வயலிலிருந்து முதல் அரிசி வீட்டுக்கு வந்தால் அடுப்பில் பாலை வைத்துப் பொங்க விட்ட பிறகுதான் அரிசியைப் போடுவோம். நான் அதை விடவில்லை. பாருக்குட்டியம்மையிடம் அன்றைக்குக் கூடப் பால் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் ஊற்றிவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள். பால் பொங்கி வழிந்தது. வடிவு கைதட்டினாள். இவர் ஆபீசுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அரிசி வேக நேரமாயிற்று. நாலு பேரும் சாப்பிட்டோம். நான் மறுசோறு போட்டுக்கொண்டதைப் பார்த்து என் மகள், "அம்மைக்கும் மதியாயில்லயோ?" என்று கேட்டாள். இன்னும் போதவில்லை என்றேன்.

அண்ணன் கேட்டபோது இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. ஆகவே எல்லோருக்கும் தெரிவித்துக்கொள்கிறேன். எங்கள் பால்காய்ப்பு ஆகிவிட்டது. வீடு மட்டும் இல்லை.